வெண்கலத் தொண்டைக்கு விடுமுறை

அந்தக் காய்கறிச் சந்தையில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "வெண்கலம் எங்கே?" என்று கேட்டால் போதும், கேட்டவர் வாயை மூடுவதற்குள் வெண்கலமே பேசுவது காதில் விழுந்துவிடும். ஏலம் விடுகிறவர் அவர். பிறந்த அன்று அவர் அழுத அழுகையில், பக்கத்துக் கட்டிடத்தில் மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்திருந்த ஆள் எழுந்து உட்கார்ந்து "யாருக்கு என்ன ஆச்சு?" என்று விசாரித்தாராம். அவருடைய அம்மா சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்குக் கூட்டிச் சொல்லும் பழக்கம் கிடையாது. கொஞ்சம் குறைத்தே சொல்லியிருப்பார்.

அப்பா சந்தையில் மூட்டை தூக்கினார். மகனும் மூட்டை தூக்கத்தான் வந்தான். ஒருநாள் பழைய ஏலக்காரர் காய்ச்சலில் விழ, மண்டி முதலாளி, "அந்தக் கத்துற பயலைத் தூக்கிப் பெட்டி மேல நிறுத்துங்கடா" என்றார். மரப்பெட்டியில் ஏறிய பயல் அதற்கப்புறம் இறங்கவே இல்லை. அவர் "ஒருதரம்!" என்றால் முட்டைக்கோஸ் மூட்டைகள் நிமிர்ந்து உட்காரும். "மூணுதரம்!" என்றால் வெளியே நிற்கும் லாரிக்காரர்கள் தங்களைத்தான் விரட்டுகிறார்கள் என்று வண்டியைக் கிளப்பிவிடுவார்கள்.

வாரத்தில் ஆறு நாள் அந்தக் குரல் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் உழைத்தது. ஏழாவது நாள் ஆண்டவருக்கு. ஆலயத்தில் பாட்டுக்குழுவை நடத்துவது அவர்தான். யாராவது மைக்கை அவர் பக்கம் நகர்த்தினால் ஒற்றை விரலால் தள்ளிவிட்டு, "இதெல்லாம் தொண்டை இல்லாதவங்களுக்கு" என்பார். அவருடைய கல்யாணத்தில் போதகர் "சம்மதமா?" என்று கேட்க, அவர் "சம்மதம்!" என்ற சத்தத்தில் கோபுரத்துப் புறாக்கள் ஒன்று பாக்கியில்லாமல் பறந்துவிட்டன. பக்கத்தில் நின்ற பெண் திடுக்கிட்டுக் கையிலிருந்த பூங்கொத்தை விட்டுவிட்டாள். பிறகு குனிந்து அதை எடுத்துக்கொண்டு, "எனக்கும்தான்" என்றாள். அது போதகருக்கு மட்டுமே கேட்டது.

அந்தப் பெண் தையல்காரி. வாசல் அறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடை தைப்பார். வீட்டில் ஒருவர் பேசுவதற்கும் மற்றவர் கேட்பதற்கும் என்று பிறந்தது போல அவர்கள் வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. கடன் கிடையாது, சண்டை உண்டு, அதுவும் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும்.

வெண்கலத்துக்கு ஒரு கொள்கை இருந்தது. குரல் ஆண்டவர் கொடுத்தது. அதில் மிச்சம் பிடிப்பது களவு. ஆகவே விடியுமுன் சந்தை, சாயங்காலம் பாட்டுப் பயிற்சி, சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்து ஜெபம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும்வரை பச்சைத்தண்ணீர் பல்லில் படாது. தூங்குவது சோம்பேறித்தனம். தொண்டை வலித்தால் அது சாத்தானுடைய வேலை. இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடினால் ஓடிவிடும்.

சாத்தான் ஓடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டின் உச்சியில், எல்லோரும் அவர் குரலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, வெண்கலத்தின் வாயிலிருந்து எண்ணெய் காணாத இரும்புக் கதவின் சத்தம் வந்தது. முன்வரிசைக் குழந்தைகள் கதவு எங்கே என்று திரும்பிப் பார்த்தன.

வீடு திரும்பும் வழியில் மனைவியின் தம்பி கூடவே வந்தான். அவன் சலூன் வைத்திருக்கிறவன். குழுவில் இரண்டாம் குரல். மூக்கால் பாடுவான்.

"மச்சான், உள்ள ஏதோ ஆணி கழண்டுருச்சு போல."

"வாய மூடுடா" என்று சொல்லப் பார்த்தார். "வாய" மட்டும் வந்தது.

மறுநாள் மனைவி மெஷினுக்கு உறை போட்டார். அவர் பகலில் மெஷினுக்கு உறை போட்டால் பேச்சுக்கு இடமில்லை என்று அர்த்தம். தொண்டை டாக்டரம்மா ஒரு மெல்லிய குழாயை வெண்கலத்தின் மூக்கு வழியாக விட்டார். அதன் நுனியிலிருந்த கேமரா, பக்கத்துத் திரையில் தொண்டையின் உட்புறத்தைக் காட்டியது. வெள்ளை நாடா போல இரண்டு மடிப்புகள். இரண்டின் நடுவிலும் கடுகு போல ஒரு புடைப்பு.

"இதுதான் உங்க குரல். ரெண்டும் உரசி உரசித் தழும்பேறிப்போச்சு. செருப்புக் கடிச்ச கால் மாதிரி" என்றார் டாக்டரம்மா. "கொஞ்ச வாரத்துக்குப் பேசாதீங்க. தண்ணி குடிங்க, நல்லாத் தூங்குங்க. தானா வத்திப்போக வாய்ப்பு இருக்கு."

"இவருக்குப் பேசாம இருக்கறதுக்கு மருந்து ஏதாவது இருக்கா டாக்டர்?" என்றார் மனைவி.

பேசக்கூடாது என்றால் பேசமாட்டேன் என்று வெண்கலம் முடிவுசெய்தார். அன்றிலிருந்து கிசுகிசுக்க ஆரம்பித்தார். கிசுகிசுப்பது எப்படிப் பேச்சாகும்? சத்தம் இல்லையே! சந்தையில் பெட்டி மேல் ஏறி, கையைக் குவித்துக்கொண்டு, ஏதோ அரண்மனை ரகசியத்தைப் போல, "கத்தரிக்காய்... ஒருதரம்..." என்றார். வியாபாரிகள் காதைக் கொடுத்துக்கொண்டு நெருங்கினார்கள். பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் நிற்பவர்கள் மேல் சந்தேகம் வந்தது. இத்தனை ரகசியமாக விற்கிறார்கள் என்றால் கத்தரிக்காயில் ஏதோ விஷயம் இருக்கிறது! சொத்தைக் கத்தரிக்காயெல்லாம் அன்று பட்டுப்புடவை விலைக்குப் போனது. மண்டி முதலாளி, "உனக்கு முன்னாடியே தொண்டை கெட்டிருக்கக் கூடாதாப்பா" என்று உருகிப்போனார்.

ஆஸ்பத்திரியில் நோயாளியின் காதோரம் குனிந்து ஜெபத்தைக் கிசுகிசுத்தார். பாட்டுப் பயிற்சியில் கீர்த்தனை முழுவதையும் கிசுகிசுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார். வீட்டிலும் அதேதான். எதிர்வீட்டு அம்மாள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேலியோரம் வந்தாள்.

"என்ன தையல்காரம்மா, இந்த வயசுல ரெண்டு பேரும் குசுகுசுன்னு... புதுசாக் கல்யாணம் ஆனவங்க தோத்தாங்க போங்க."

"அட நீங்க வேற! 'துண்டு எங்க'ன்னு கேட்டுட்டு இருந்தாரு."

மறுபடி டாக்டரம்மா குழாயை விட்டுப் பார்த்தபோது திரையில் கடுகைக் காணோம். அதன் இடத்தில் மிளகு இருந்தது.

"பேசினீங்களா?"

வெண்கலம் நெஞ்சில் கைவைத்து, பெருமையோடு கிசுகிசுத்தார்: "ஒரு வார்த்தை கூட இல்ல டாக்டர்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இப்ப என்ன பண்ணிட்டு இருக்கீங்க?"

"இது... பேச்சு இல்லையே."

"ஐயா, கிசுகிசுக்கும்போது தொண்டையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு காத்தைத் தள்றீங்க. வர்றது சின்னச் சத்தம்தான். ஆனா அந்த மடிப்புக்கு அது சில சமயம் கத்தறத விட மோசம். இத்தனை நாளும் புண்ணைச் சொறிஞ்சு விட்டிருக்கீங்க." அவர் கோபத்தை அடக்கிக்கொண்டு மனைவியின் பக்கம் திரும்பினார். "கடைசியா ஒரு தடவை பார்ப்போம். முழு மௌனம். முணுமுணுப்பு, கனைப்பு, கிசுகிசுப்பு எதுவும் கூடாது. அப்பவும் வத்தலேன்னா வெட்டி எடுக்கணும். எடுத்தா இதே குரல் திரும்பும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

வெண்கலத்துக்கு நாற்காலி தரையோடு இறங்குவது போல இருந்தது. குரல் போனால் சந்தை போகட்டும். தராசைப் பிடித்துப் பிழைத்துக்கொள்ளலாம். ஆண்டவருக்குக் கொடுக்க அவரிடம் வேறு என்ன இருக்கிறது?

மனைவியோடு நேராகப் போதகர் வீட்டுக்குப் போனார். போதகர் லுங்கியோடு வந்து கதவைத் திறந்தார், கண்ணில் தூக்கம் ஒட்டியிருந்தது. மனைவி விஷயத்தைச் சொன்னார். வெண்கலம் தொண்டையைத் தொட்டார், மேலே காட்டினார், இரண்டு கையையும் விரித்துக் கொட்டிக் காட்டினார், பிறகு "தப்பா?" என்பது போலத் தலையை ஆட்டினார்.

"ஆண்டவருக்குத்தானே கொடுத்தேன், அது தப்பாங்கறார்" என்றார் மனைவி.

"புரியுது, புரியுது. உக்காருங்க." போதகர் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "ஊழியத்துக்கு வந்த புதுசுல நானும் இப்படித்தான். உபவாசம், ராத்திரி முழுக்க ஜெபம், வெறும் தேத்தண்ணி. ஒருநாள் பிரசங்க மேடையிலயே மயங்கி விழுந்துட்டேன். சபைக்கு என்ன சந்தோஷங்கறீங்க! ஆவியானவர் இறங்கிட்டாருன்னு அரை மணிநேரம் என்னைச் சுத்தி நின்னு பாடினாங்க. ஒருத்தராவது ஒரு டம்ளர் தண்ணி கொடுக்கல."

தையல்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"சிரிங்கம்மா, சிரிக்க வேண்டியதுதான். அன்னிலேர்ந்து நான் மத்தியானம் தூங்கறேன். அதையும் ஊழியக் கணக்குலதான் எழுதறேன்." பிறகு அவர் வெண்கலத்தின் முழங்காலில் தட்டினார். "ஆண்டவர் உங்ககிட்ட ஒரு குரலை மட்டும் தனியா கழட்டிக் கொடுக்கல. உடம்போட சேர்த்துத்தான் கொடுத்தாரு. பாட்டை வாங்கிக்கிறவரு நீங்க குடிக்கிற தண்ணியையும் வாங்கிக்க மாட்டாரா? போங்க, வாயை மூடிக்கிட்டு அவரைச் சேவிங்க."

அன்று படுக்கப் போகுமுன் வெண்கலம் முழங்காலில் நின்றார். வழக்கமாக அவருடைய ஜெபத்துக்குத் தெருநாய்கள் வீட்டைத் தாண்டி ஓடும். இன்று உதடுகூட அசையவில்லை. ஆண்டவரே, இன்று நிறையத் தண்ணீர் குடித்தேன், வாயைத் திறக்கவில்லை, இப்போது தூங்கப் போகிறேன், ஏற்றுக்கொள்ளும் என்று மனதுக்குள் சொன்னார். இது ஒரு காணிக்கையா என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் படுத்தவுடன் தூங்கிவிட்டார். விடிந்தபோது உடம்பு யாரோ துவைத்து மடித்து வைத்தது போல இருந்தது.

சந்தையில் முதலாளி அவரைத் தராசுப் பக்கம் மாற்றினார். ஏலத்துக்கு ஒலிபெருக்கி வந்தது. வெண்கலத்தின் கை மட்டும் பழையபடி ஏலம் விட்டுக்கொண்டிருந்தது. விலையைக் கூட்டச் சொல்ல உள்ளங்கை மேலே பார்க்கும், இறக்கச் சொல்ல உள்ளங்கை தரையைப் பார்த்து இரண்டு தட்டுத் தட்டும். அந்தப் பாஷை சந்தை முழுவதும் தெரிந்ததுதான்.

சனிக்கிழமை வந்தது. போவதா வேண்டாமா என்று யோசித்து, பிறகு வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே வாட்ச்மேன் பெரியவர் ஒருவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். வெண்கலம் பாட வந்தால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வது வழக்கம். பெரியவர் பாட்டில் உருகி முகத்தை மறைக்கிறார் என்று வெண்கலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்று பாட முடியாது, ஜெபம் சொல்ல முடியாது. கட்டிலருகே உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெரியவரின் கால் போர்வைக்கு வெளியே கிடந்தது. நகம் வளர்ந்து பக்கத்து விரலைக் கீறியிருந்தது. வெண்கலம் நர்ஸிடம் சைகையில் நகவெட்டியைக் கேட்டு வாங்கினார். வெந்நீரில் துணியை நனைத்து அந்தக் காலைத் துடைத்து, நகங்களை ஒவ்வொன்றாக வெட்டினார். பிறகு வெடித்த குதிகாலில் எண்ணெய் தடவினார். மூட்டை தூக்கிய கை. ஆனால் சூடான இட்டிலியை எடுப்பவர் போல மெதுவாகத்தான் தொட்டார்.

பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. கோணிய வாயால், "என்னப்பா, இன்னிக்குக் கச்சேரி கிடையாதா?" என்றார்.

வெண்கலம் தொண்டையைக் காட்டிக் கைவிரித்தார்.

"ஆண்டவர் நல்லவரு" என்றார் பெரியவர். பக்கத்துக் கட்டிலிலும் அதற்கடுத்த கட்டிலிலும் "ஆமென்" என்று குரல் எழுந்தது. பிறகு பெரியவர், "கோவிச்சுக்காதே. அந்த இடது காலையும் பாரு. அதுல எனக்கு உணர்ச்சி இல்ல. ஆனா நீ தொடறதைப் பார்த்துட்டே இருக்கலாம்" என்றார்.

வெண்கலம் கோபித்துக்கொள்ளவில்லை. தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். சத்தமில்லாமல் சிரிக்க முடியும் என்பது அவருக்கே அன்றுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். பாட்டுக்குழு முன்னால் நின்றது. அவர் முதன்முறையாகச் சபையில் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். மைத்துனன் குழுவை நடத்தினான். பயத்தில் ஆளுக்குச் சுருதி தலைக்கேறிவிட்டது. ஏணியின் கடைசிப் படியில் நின்றுகொண்டே பாட்டைத் தொடங்கினான். முதல் சரணம் எப்படியோ தொங்கிக்கொண்டு போனது. இரண்டாவதில் ஆண்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள், பிறகு பெண்கள், கடைசியில் மைத்துனனும் அவனுடைய மூக்கும் மட்டும் தனியாக உச்சியில் கீச்சிட்டு நின்றுபோயின. ஆலயத்தில் ஒரு இருமல். அப்புறம் எல்லாத் தலைகளும் மூன்றாவது வரிசைக்குத் திரும்பின.

வெண்கலம் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. நெஞ்சு நிறையக் காற்று ஏறியிருந்தது, வாய் திறந்திருந்தது. ஒரே ஒரு அடி எடுத்துக் கொடுத்தால் போதும். ஒரு வரி, ஒரே வரி! இதுவும் ஆண்டவருக்காகத்தானே? டாக்டரம்மாவின் மிளகு இந்த ஒரு வரியிலா பெருத்துவிடும்?

திரும்பிய முகங்களைப் பார்த்தார். எல்லாம் அவரையே கெஞ்சிக்கொண்டிருந்தன. அது தேன் போல இனித்தது. அந்த இனிப்பு அவருக்கு உறைத்தது. இந்தக் காற்று ஆண்டவருக்காக ஏறியதா, இந்த முகங்களுக்காக ஏறியதா? இதுவரை அவர் தன்னிடம் கேட்டிராத கேள்வி. பதில் வருமுன்னே வாயை மூடினார். காற்று மூக்கு வழியாக மெல்ல இறங்கியது.

மைத்துனன் அழுதுவிடுவது போல நின்றான். வெண்கலம் கையை நீட்டி, உள்ளங்கையைத் தரையைப் பார்க்கத் திருப்பி, இரண்டு தட்டுத் தட்டினார். இறக்கு.

சந்தைக்குக் காய்கறி வாங்க வருகிறவன்தானே அவனும். புரிந்துகொண்டான். இறக்கிப் பிடித்தான்.

"இன்னும்" என்று கை தட்டியது. இன்னும் இறக்கினான்.

அந்த இடத்தில் பாட்டு உட்கார்ந்தது. ஒவ்வொருவராக ஏறிக்கொண்டார்கள். வெண்கலம் உட்கார்ந்து கேட்டார். மூட்டைக்காரர் ஒருவருடைய குரல் இத்தனை இனிமை என்று அவருக்குத் தெரியாது. குழந்தைகள் வார்த்தைகளை விழுங்கிவிட்டுக் கடைசி அசையை மட்டும் சேர்ந்து கத்துவதும் தெரியாது. இவ்வளவு நாளும் சபை முழுவதையும் தன் முதுகில் தூக்கிக்கொண்டு நடந்ததாக நினைத்திருந்தார். அவர்களுக்கும் கால் இருந்திருக்கிறது.

பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது. தணிவானது, ஆடாதது, மெஷினில் நேர்த்தையல் ஓடுவது போலச் சீரானது. பாட்டுக்குக் கொஞ்சம் கீழே, அதைத் தாங்கிக்கொண்டு போனது. வெண்கலம் திரும்பினார். மனைவி பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி, அவர் பார்ப்பதை அறியாமல், பாடிக்கொண்டிருந்தார். ஒரே கூரையின் கீழ் இருவரும் இதே பாட்டை எத்தனையோ வருஷங்களாகப் பாடியிருக்கிறார்கள். அவர் இன்றுதான் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று துடித்தார். மனைவியின் வாயைக் காட்டினார், தன் காதைத் தொட்டார், கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

"என்ன, வாயில ஏதாவது ஒட்டியிருக்கா?" மனைவி துடைத்துக்கொண்டார்.

இல்லை என்று கையை ஆட்டிவிட்டு மறுபடி வாயைக் காட்டினார்.

"பல்லா? காலையில தேய்ச்சேனே."

இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார். எழுதிக் கொடுக்கலாம்தான்; ஆனால் அதைத் துண்டுச் சீட்டில் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. குரல் வந்தால் முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டார். அதன்பின் தண்ணீர் குடிக்க யாரும் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை. தும்மல் வந்தால்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார்.

கெடு முடிந்து டாக்டரம்மா திரையைப் பார்த்தார், நாற்காலியைக் கிட்டே இழுத்து மறுபடியும் பார்த்தார். "நல்லா வத்தியிருக்கு" என்றார். "கத்தி வேண்டாம். ஆனா இனிமே மைக் வச்சுத்தான் பாடணும், சந்தையில ஒலிபெருக்கிதான். கத்தவே கூடாது. இப்ப மெதுவா ஏதாவது பேசுங்க, பார்ப்போம்."

வெண்கலம் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. மனைவியின் பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் துருப்பிடித்து, ஆனால் முழுதாக வந்தது.

"நீ பாடினதைக் கேட்டேன். ரொம்ப நல்லாப் பாடற."

மனைவி ஒரு நிமிஷம் விழித்தார். முகம் சிவந்தது. பிறகு சுதாரித்துக்கொண்டு, "இதைச் சொல்லத்தான் அன்னிக்கு ரெண்டு நாளும் என் வாயக் காட்டிக் காட்டிப் பயமுறுத்தினீங்களா? நான் பல் டாக்டர்கிட்ட நாள் கேட்டு வச்சிருக்கேன்!" என்றார்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்தபோது அவர்களுடைய பஸ் நிறுத்தத்திலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. வெண்கலம் பழக்கதோஷத்தில் நெஞ்சை நிமிர்த்தினார். அவர் ஒரு கூப்பாடு போட்டால் பஸ் என்ன, விமானமே நின்று கதவைத் திறக்கும். காற்று ஏறியது. பாதியில் அவராகவே நிறுத்திக்கொண்டார்.

பஸ் திருப்பத்தில் மறைந்தது. இருவரும் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"அடுத்தது எப்ப வருமோ" என்றார் மனைவி.

"வரட்டும்" என்றார் அவர், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.